பழம் பத்திரிகைகளும் பேளுக்குறிச்சிச் சந்தையும்

சரித்திரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் அரசர் பரம்பரையும் போர்க்களமும் உடன்படிக்கையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் ஒரு நாட்டில் வாழ்ந்து மறைந்தோருட் பெரும்பாலார் அரியணை ஏறியவரல்லர். உழுதவரும் நெய்தவரும் சுமை சுமந்தவரும் சந்தைக்குப் போய் வந்தவருமே ஆவர். அவர்கள் உண்டது யாது, உடுத்தது யாது, ஓரணாவுக்கு எவ்வளவு மிளகு வாங்கினர், நோயுற்றபோது எம்மருந்தை நாடினர் என்னும் வினாக்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் அருகியே விடை பகரும். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளைப் பொறுத்தமட்டில், இவ்வினாக்களுக்கு ஒருவாறு விடை கூறவல்லவை பழம் பத்திரிகைகளே. முன்னர் ஒருசில பெருநூல் நிலையங்களில் மட்டும் முடங்கிக் கிடந்த அவை, இப்பொழுது படமெடுக்கப்பெற்றுக் கணினியின் வாயிலாக நம் மேசைக்கே வந்து சேர்கின்றன. இவ்வசதியை நம் மாணவர் எங்ஙனம் பயன்படுத்தலாம், எவ்விடத்து எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும் என்பதை, கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியை உரைகல்லாக வைத்து ஈண்டு ஆராய்வோம்.

சந்தையும் செய்தித்தாளும்

பேளுக்குறிச்சி, நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலத்திலிருந்து இராசிபுரம் செல்லும் வழியில், கொல்லிமலையின் மேலைச் சாரலை நோக்கி அமைந்த ஊர். இவ்வூர்ச் சந்தை சனிக்கிழமைதோறும் கூடுவது. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், மல்லி, மஞ்சள், மிளகாய் ஆகிய மளிகைச் சரக்குக்கு இது பேர்பெற்றது. கோடைக்காலத்தில் ஓராண்டுக்கு வேண்டிய சரக்கை ஒருங்கே வாங்கிச் செல்ல அயலூரார் பலர் இங்கு வந்து கூடுவர். மலைமேல் விளையும் மிளகும் பழமும் தேனும் சாமையும், இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளையுடைய சாலை வழியே இறங்குகின்றன. அச்சாலை இல்லாத காலத்தில் தலைச்சுமையாக ஒற்றையடிப் பாதைகளில் இறங்கின. மலையும் சமவெளியும் கொடுத்தும் கொண்டும் வாழ்ந்ததற்கு இத்தகைய சந்தைகளே சாட்சி.

இத்துணைச் சிறப்புடைய சந்தை பழம் பத்திரிகைகளில் எவ்வளவு இடம் பெற்றிருக்கும்? அக்காலத்துத் தமிழ்த் தினசரிகளிற் பெரும்பாலன சென்னையில் அச்சிடப்பெற்றவை. சிற்றூர்ச் சந்தையொன்று அவற்றின் கண்ணிற் பட வேண்டுமாயின், அங்கே தீப்பற்ற வேண்டும். வாந்திபேதி பரவ வேண்டும். களவு நிகழ வேண்டும். அல்லது தலைவரொருவர் வந்து பேச வேண்டும். வாரந்தோறும் தவறாது நடப்பது செய்தியன்று; தவறி நடப்பதே செய்தி. அன்றாட வாழ்வை ஆராய்வோன் முதலில் உளங்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

அங்ஙனமாயின் பத்திரிகையால் யாது பயன் எனின், கூறுதும். பத்திரிகை தான் சொல்லக் கருதிய செய்திகளைக் காட்டிலும், கருதாது சொல்லிச் சென்றவற்றாலேயே அன்றாட வாழ்வை மிகுதியும் விளக்கும். தலையங்கத்தை விடுத்து விளம்பரங்களைக் காண்க. சரக்கு விலைப்பட்டி, கப்பல் புறப்பாடு, ஏல அறிவிப்பு, 'காணவில்லை' அறிக்கை, ஆசிரியருக்கு எழுதிய முறையீடு ஆகிய இவையெல்லாம் எதிர்காலச் சரித்திராசிரியனை எண்ணி எழுதப்பட்டனவல்ல. அன்றைய தேவைக்கு எழுதப்பட்டன. ஆதலின் அவற்றில் ஒப்பனை குறைவு.

உதாரணமாக ஒன்று கூறுவோம். 1893-இல் பம்பாயில் நாகேசுவர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனம், விளம்பரத்தின் துணையால் நாடெங்கும் பரவிய பண்டம். அவரே பின்னர் 1908-இல் 'ஆந்திர பத்திரிகா'வையும் தொடங்கினார். தலைவலித் தைலமும் செய்தித்தாளும் ஒருவர் கையிலேயே வளர்ந்தமை, விளம்பரத்துக்கும் பத்திரிகைக்கும் இருந்த உறவைத் தெள்ளிதிற் காட்டும். வீட்டு மருத்துவம் கடை மருந்துக்கு இடங்கொடுத்த வரலாற்றை எழுதப் புகுவோனுக்கு இவ்விளம்பரங்கள் பெருநிதி. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில், நீராகாரம் அருந்திய தமிழ்க் குடும்பம் காப்பிக்கு மாறிய கதையை இத்தகைய பழம் ஏடுகளைத் துருவியே எழுதிக் காட்டினார். ஒரு குவளைப் பானமும் சரித்திரமாகும் என்பதற்கு அந்நூல் தக்க சான்று.

ஏடுகள் இருக்குமிடம்

தமிழிற் பத்திரிகை எழுதும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வேரூன்றியது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனார் 1841-இல் 'உதயதாரகை'யைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளியிட்டனர். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வாரப் பதிப்பாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-இல் தினசரியாயிற்று. 1934-இல் 'தினமணி' தோன்றியது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசை'த் தொடங்கினார்.

இவை அச்சான காகிதம் நெடுநாள் நில்லாது. மரத்தை அரைத்துச் செய்த மலிவான செய்தித்தாட் காகிதத்தில் அமிலத்தன்மை மிகுதி. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பழுத்து, மடித்தவிடத்தில் ஒடிந்து, தொட்டவிடத்தில் உதிரும். வெப்பமும் ஈரமும் கறையானும் நம் நாட்டில் அவ்வழிவை விரைவுபடுத்தும். மனிதர் கையால் நேர்ந்த அழிவும் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆதலின் பழம் ஏட்டைப் படமெடுத்து வைத்தல் வசதிக்காக மட்டுமன்று. உயிர் காக்கும் செயலுமாகும்.

இத்தொண்டைச் செய்துவரும் நிலையங்கள் பல. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு, 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அங்குப் பல ஏடுகள் நுண்படச் சுருளிலும் மின்வடிவிலும் காக்கப்படுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்னூலகத்தில் பழைய நூல்களும் பருவ இதழ்களும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும். ஈழத்து ஏடுகளை, 2005-இல் தோன்றிய 'நூலகம்' திட்டம் சேர்த்துத் தருகிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் அந்நாட்டுப் பத்திரிகைகளை மின்வடிவிலாக்கியபோது 'தமிழ் முரசை'யும் உடன் சேர்த்தது.

கடல் கடந்த இவ்வேடுகள் கொல்லிமலை அடிவாரத்தாருக்கு எற்றுக்கு என வினவலாம். சேலம், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களிலிருந்து மலேயாத் தோட்டங்களுக்குச் சென்றோர் பலர். அவர்கள் கப்பலேறிய செய்தியும், கூலி விவரமும், ஊருக்குப் பணம் அனுப்பிய வகையும் அங்கிருந்து வந்த ஏடுகளிலேயே தேடத்தக்கவை. ஊரின் சரித்திரம் சிற்சில சமயம் ஊருக்கு வெளியே கிடக்கும்.

தேடுவோர் அறியவேண்டியவை

பக்கத்தைப் படமெடுத்த பின்னர், படத்திலுள்ள எழுத்துகளைக் கணினியே படித்துச் சொற்களாக மாற்றுகிறது. அதன் பின்னரே ஒரு சொல்லை இட்டுத் தேடல் இயலும். இம்முறை பெரிதும் உதவுவதெனினும், இதனை முற்றும் நம்புதல் தகாது. காரணங்கள் நான்கு.

முதலாவது, எழுத்து. தமிழ்நாட்டரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் ணை, லை, ளை, னை முதலியன வேறு வடிவில் அச்சிடப்பெற்றன. 'குடி அரசு' 1935 முதலே புதுவடிவைக் கைக்கொண்டது. மை பரந்தும் எழுத்துத் தேய்ந்தும் உள்ள பழம் பக்கத்தில் இவ்வடிவுகளைக் கணினி பிறழப் படித்தல் எளிது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' என்னும் தளத்தில் இத்தகைய பிழைகளை வாசகரே திருத்துமாறு ஏற்பாடு செய்துள்ளனர். ஆங்கிலத்துக்கே அது வேண்டியிருப்பின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது, சொல். அக்காலத்தார் மாவட்டத்தை ஜில்லா என்றனர். பெண்ணை ஸ்திரீ என்றனர். காலராவை வாந்திபேதி என்றனர். இன்றைய சொல்லையிட்டுத் தேடுவோன் வெறுங்கையோடு மீள்வான். ஊர்ப் பெயரும் ஒருநிலையில் நில்லாது. பேளுக்குறிச்சி, பேளுகுறிச்சி, பேழுக்குறிச்சி எனப் பலவாறு எழுதிப் பார்த்தல் வேண்டும்; ஆங்கில ஏடுகளில் முதலெழுத்தே இருவகையாக அமையக்கூடும். கொல்லி என்று தேடினாற் பூச்சிகொல்லியும் உடன் வரும். இவற்றினும் பெரிய தடுமாற்றம் ஒன்றுண்டு. கொல்லிமலைப் பழங்குடியினர் மலையாளி என்று வழங்கப்பெறுவர். அச்சொல்லையிட்டுத் தேடுவோன்முன் கேரளநாட்டாரே அணிவகுத்து நிற்பர். மலையில் வாழ்வோர் அவ்வரிசையின் பின்னே மறைந்துபோவர்.

மூன்றாவது, எல்லையும் காலமும். நாமக்கல் தாலுகா 1910 முதல் 1929 வரை திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்ந்திருந்து பின் சேலத்துக்கு மீண்டது. 1997 தொடங்கித் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆதலின் சேலம் ஜில்லாச் செய்தி என்னும் தலைப்பின்கீழ் மட்டும் நோக்குவோன் இருபதாண்டுச் செய்திகளை இழப்பான். இனி, தமிழ் வருஷப் பெயர் அறுபதாண்டுக்கொருமுறை திரும்பி வரும். ஈசுவர வருஷம் என்பது 1877-78 ஆகவும் இருக்கலாம், 1937-38 ஆகவும் இருக்கலாம். முன்னது தாது வருஷத்தை அடுத்து வந்த கொடும்பஞ்ச காலம். பின்னது மதுவிலக்குத் தொடங்கிய காலம். இரண்டையும் மயங்குதல் பெரும் பிழைக்கு இடனாகும்.

நான்காவது, அளவும் விலையும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓரணாவுக்குப் பன்னிரண்டு பை என்னும் கணக்கு 1957 ஏப்ரல் வரை நிலவியது. நிறையில் நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. சென்னை வீசை ஏறத்தாழ ஒன்றே கால் கிலோவுக்குச் சிறிது மேல், அதாவது 1.4 கிலோ. படியும் பலமும் ஊருக்கூர் வேறுபட்டன. ஆகவே சென்னைப் பத்திரிகையில் கண்ட மணங்கு விலையைப் பேளுக்குறிச்சிச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ளல் ஆகாது. அது மொத்த விலையா சில்லறை விலையா, எந்நகரத்து விலை, எவ்வளவையின் விலை என்னும் மூன்றையும் தெளிந்த பின்னரே அதைக் கையாளுதல் முறை.

ஓர் உதாரணம்: 1937 அக்டோபர்

இனி, மேற்கூறியவற்றை ஒரு நிகழ்ச்சியில் வைத்துக் காண்போம். இராஜகோபாலாச்சாரியார் தலைமையில் 1937 ஜூலையில் அமைந்த சென்னை மந்திரிசபை, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதற்கு முன்னரே அவர் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் நிறுவி, கல்கி உதவியாசிரியராயிருக்க 'விமோசனம்' என்னும் மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தியவர். 1938-இல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939-இல் வடஆர்க்காட்டுக்கும் இவ்விலக்கு விரிந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி பிறந்தது. இவையனைத்தும் அரசியற் சரித்திரம். இவற்றை எந்நூலிலும் காணலாம்.

அன்றாட வாழ்வை ஆராய்வோன் வினவுவது வேறு. கள்ளுக்கடை மூடிய வாரத்தில் கூலியாளன் கைக்காசு எங்கே சென்றது? உப்பும் மிளகாயும் துணியும் மிகுதியாக விற்றனவா? மரமேறிப் பிழைத்தவன் குடும்பம் யாது செய்தது? தேநீர், காப்பி விளம்பரங்கள் சேலம் ஜில்லாவை நோக்கிப் பெருகினவா? மலைமேற் சட்டம் எங்ஙனம் சென்றது?

நாட்காட்டியை நோக்கினால் 1937 அக்டோபர் 1 வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை, காந்தியடிகள் பிறந்தநாளுங்கூட. பேளுக்குறிச்சிச் சந்தை இன்று கூடும் கிழமையிலேயே அன்றும் கூடியிருக்குமாயின், மதுவிலக்கின் மறுநாளே அவ்வூரிற் சந்தை. மலையிலிருந்து சுமையிறக்கி விற்றவன் கையிற் காசோடு நின்ற முதல் மாலை அது. எத்துணைச் சிறந்த ஆராய்ச்சிப் பொருள்! ஆயின் ஆராய்ச்சியாளன் இவ்விடத்தில் உவகை மேலிட்டு எழுதத் தொடங்கலாகாது. சந்தை அன்றும் சனிக்கிழமையே கூடிற்று என்பதை முதலில் நிலைநாட்டல் வேண்டும். சந்தைகள் பல அக்காலத்தில் ஸ்தல ஸ்தாபனங்களின் ஆளுகையிலிருந்தன; சுங்கம் வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு ஏலம் விடப்பட்டது. அவ்வேல அறிவிப்புகளில் ஊரும் கிழமையும் குத்தகைத் தொகையும் காணப்பெறலாம். 1883-இல் லெபானுவும் 1918-இல் ரிச்சர்ட்ஸும் எழுதிய சேலம் ஜில்லா விவர நூல்களையும் உடன் வைத்து நோக்கல் தகும்.

அதன்பின் அக்டோபர் முதல் இரண்டு மாதத்துப் பத்திரிகைகளைச் சொல் தேடாது பக்கம் பக்கமாகப் படித்தல் நன்று. மகிழ்ச்சிக் கூட்டங்களும் வாழ்த்துரைகளும் நிரம்ப இருக்கும். அவற்றை எழுதியவர் யார், எக்கொள்கையினர், எவ்வூரிலிருந்து எழுதினர் என்று குறித்துக்கொள்க. விலக்கை ஆதரித்த ஏடு ஒன்றும், ஆட்சியை எதிர்த்த ஏடு ஒன்றும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் படிக்க. இரண்டும் ஒத்துக் கூறுவதில் உறுதி மிகுதி. முரணுமிடத்தில் ஆராய்ச்சி தொடங்கும்.

மௌனத்தையும் படித்தல்

நிற்க. எவ்வளவு தேடினும் சிலர் குரல் பத்திரிகையில் கிடையாது. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேரே. ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர் என்பது உண்மையெனினும், எழுதியவர் அச்சிறு கூட்டத்தினரே. சந்தையில் மிளகாய்க் கூறு வைத்து விற்ற பெண், மலைப்பாதையிற் சுமையோடு இறங்கியவன், கட்டுத்தறியில் மாட்டைப் பிடித்து நின்ற சிறுவன் ஆகிய இவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவரல்லர். பெயரின்றி 'ஒரு கூலியாள்', 'ஒரு ஸ்திரீ' என்று வழக்குச் செய்தியில் தோன்றி மறைந்தவர்கள். அன்றியும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டால் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. அவ்வாண்டுகளில் ஊர்ச் செய்தி அருகிக் காணப்பட்டால், ஊரில் ஒன்றும் நிகழவில்லை என்பது பொருளன்று. இடமில்லை என்பதே பொருள்.

ஆதலின் 'தேடினேன், கிடைக்கவில்லை' என்பதை 'இருந்ததில்லை' என்று எழுதுதல் ஆராய்ச்சியாகாது. கணினித் தேடல் பெருகப் பெருக இத்தவற்றுக்கு இடமும் பெருகும். முன்னர்ப் பத்துத் தொகுதிகளைப் புரட்டியவன், தான் காணாதது எவ்வளவென்று கைவலியாலேனும் அறிவான். ஒரு நொடியில் விடை பெறுவோனுக்கு அவ்வுணர்வு தோன்றாது. எளிதிற் கிடைக்கும் ஏட்டை மட்டும் கொண்டு எழுதினால், நகரமே நாடென்றும் படித்தோரே மாந்தரென்றும் ஒரு பொய்ச் சரித்திரம் உருவாகும். கொல்லிமலைக் குடியினர்க்கும் சந்தைப் பெண்டிர்க்கும் வாழ்நாளில் மறுக்கப்பட்ட இடம், சரித்திரத்திலும் மறுக்கப்படும்.

இக்குறையைத் தீர்க்க வல்லது ஊரே. ஏட்டிற் கண்டதை ஊருக்குக் கொண்டு சென்று வினவுதல் வேண்டும். பழைய விலைப்பட்டியின் படியொன்றைக் கையிற்கொண்டு, சந்தையில் நெடுநாட் கடை வைத்தவரிடம் படித்துக் காட்டினால், 'அந்த வீசை எங்கள் வீசை அன்று' என்று அவர் திருத்தக்கூடும். அத்திருத்தம் எந்த நூலகத்திலும் கிடைக்காத செல்வம். அணாவிலும் வீசையிலும் பண்டம் வாங்கிய நினைவுடையோர் இன்று எழுபத்தைந்து, எண்பது வயதைக் கடந்தவர். காகிதம் உதிர்வதைப்போலவே நினைவும் உதிர்ந்து வருகிறது. காகிதத்தைப் படமெடுக்க நிலையங்கள் உள, நினைவை எழுதிவைக்க நாமே உளோம்.

மாணவர்க்கு

ஆகவே நம் மாணவர் மேற்கொள்ளத்தக்க முறையைச் சுருக்கிக் கூறுவோம். பெரும்பொருளை விடுத்துச் சிறுவினா ஒன்றைத் தெரிந்துகொள்க: 'நம் ஊரில் மண்ணெண்ணெய் விளக்கு எப்போது வந்தது', 'சந்தைக்கு முதற் பேருந்து எந்நாள் வந்தது' என்பன போல. அக்காலச் சொற்களைப் பட்டியலிடுக. தேடிக் கண்ட துணுக்கோடு நில்லாது அப்பக்கம் முழுவதையும் படிக்க. பத்திரிகையின் பெயர், நாள், பக்கம், பத்தி ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்க. எவ்வேடுகளின் எம்மாதங்களைப் பார்த்தோம், எவை கிடைக்கவில்லை என்பதையும் கட்டுரையில் எழுதுக. இறுதியாக, அப்பாரையும் அம்மாயியையும் சந்தைப் பெரியோரையும் வினவி, அவர் சொல்லை அவர் சொன்னவாறே எழுதி வைக்க.

நம் கல்லூரிக்குப் பல சிற்றூர்களிலிருந்து மாணவர் வருகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு விடுமுறையில் தம் ஊரைப் பற்றி இவ்வாறு நான்கு பக்கம் எழுதிக் கல்லூரி நூல்நிலையத்திற் சேர்ப்பாராயின், பத்தாண்டில் இந்நாட்டுப்புறத்தின் அன்றாட வாழ்க்கைக்கு வேறெங்கும் இல்லாத ஒரு களஞ்சியம் உண்டாகும். சென்னைப் பத்திரிகை எழுத மறந்த பேளுக்குறிச்சியை எழுதத்தக்கவர், அச்சந்தையில் மிளகு வாங்கி உண்டு வளர்ந்தவரேயன்றி வேறு யாவர்?